எட்டு மணிக்கு வெடிக்கும் கோபம் எட்டு மணிக்குத் தொடங்குவதில்லை

கேள்வி:

திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக வேலை பார்க்கிறேன். வயது 35. எங்களிடம் துணி வாங்கும் பையர்கள் ஜெர்மனிக்காரர்கள். கணவர் சாயப்பட்டறையில் சூப்பர்வைசர். ஒரு வாரம் பகல், ஒரு வாரம் நைட் ஷிஃப்ட். மூன்றாம் வகுப்பு படிக்கும் மகள் ஒருத்தி. மாமியார் பக்கவாதம் வந்து படுக்கையில் விழுந்து ஒன்றரை வருடமாகிறது. பகலில் ஓர் அக்கா வந்து பார்த்துக்கொள்கிறார். சாயந்திரம் ஆறரைக்கு நான் வீட்டுக்குள் நுழைந்ததும் அவர் கிளம்பிவிடுவார். படுக்கைப் புண் வரக் கூடாது என்று ராத்திரியில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து அத்தையைத் திருப்பிப் படுக்க வைக்கிறேன்.

ஆறு மாதமாக என் கோபம் என் கையில் இல்லை. ஆபீசில் யாரிடமும் ஒரு வார்த்தை சத்தமாகப் பேசியதில்லை. வீட்டில் பாப்பாவிடம் பேயாகக் கத்துகிறேன். போன மாதம் ஒருநாள் ராத்திரி எட்டு மணிக்கு, வீட்டுப்பாடம் எழுதாமல் டி.வி. பார்த்தாள் என்று தோசைக் கரண்டியால் கையில் அடித்துவிட்டேன். கன்றிப்போய்விட்டது. அப்புறம் பாத்ரூமுக்குள் போய்ச் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதேன். மறுநாள் காலையில் அவளே வந்து, "ஸ்கூல்ல கேட்டா பஸ்ல இடிச்சுக்கிச்சுன்னு சொல்லிக்கிறேன்மா" என்றாள். அந்தச் சொல் என்னைக் கொல்கிறது. தியான வகுப்புக்குப் போனேன், ஒரு வாரம்கூட முடியவில்லை. கோபம் வரும் நேரத்தில் சொல்லிக்கொடுத்த எதுவும் ஞாபகத்துக்கே வருவதில்லை. எனக்குப் பைத்தியம் பிடிக்கிறதா மேடம்? மனதை எப்படி அடக்குவது?

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் மகள் சொன்ன அந்த வரியிலிருந்தே தொடங்குகிறேன். எட்டு வயதுப் பிள்ளை, அடி வாங்கியதும் தானே, அடித்தவரைக் காப்பாற்ற ஒரு பொய்யையும் யோசித்து வைத்திருக்கிறாள். அம்மாவுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்கிற பொறுப்பை அந்தக் குழந்தை தன் தலையில் ஏற்றிக்கொண்டது. அதை அவள் தலையிலிருந்து இறக்குவதுதான் முதல் வேலை. அதனால் அடி நிற்க வேண்டும். உங்கள் களைப்பு எனக்குப் புரிகிறது, அதைப் பற்றித்தான் கீழே நிறைய எழுதப் போகிறேன். ஆனால் அடி விஷயத்தில் மட்டும் "முயற்சி செய்கிறேன்" என்ற பதிலை ஏற்க என்னால் முடியாது.

பைத்தியமா என்று கேட்டீர்கள். இல்லை. நடந்தது என்ன, எங்கே தவறினீர்கள், அது பிள்ளையை என்ன செய்தது என்று எல்லாம் தெளிவாகத் தெரிந்துதான் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் ஒன்றைக் கவனித்தாக வேண்டும். மனச்சோர்வு நோய் என்றால் சோகமாக மூலையில் உட்கார்ந்திருப்பது என்றுதான் நம் ஊரில் நினைக்கிறோம். பலருக்கு அது எரிச்சலாகவும் தொட்டதற்கெல்லாம் சீறுவதாகவும்தான் வெளியே வரும். ஆறு மாதமாக நீடிக்கும் எரிச்சல், தூக்கமின்மை, சுவரில் தலையை முட்டிக்கொள்வது, இந்த மூன்றையும் சேர்த்துப் பார்க்கும்போது ஒரு மனநல மருத்துவரை நீங்கள் நேரில் பார்ப்பது அவசியம் என்று நினைக்கிறேன். கடிதத்தை வைத்து நோயைச் சொல்லிவிட முடியாது.

இன்னொன்றையும் நேரடியாகவே கேட்கிறேன். செத்துவிடலாம் போலிருக்கிறது என்ற நினைப்பு எப்போதாவது வந்ததா? வந்திருந்தால், அல்லது இனிமேல் வந்தால், அடுத்த நாள் வரை காத்திருக்காதீர்கள். 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். டெலி மானஸ் என்று மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய இலவச மனநல உதவி எண் அது. எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். வீட்டில் ஒருவரிடமாவது அதைச் சொல்லுங்கள். உங்கள் ஊர் அரசு மருத்துவமனையிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது. மாத்திரை தேவைப்பட்டால் அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. சர்க்கரைக்கு மாத்திரை எடுத்துக்கொள்வது போலத்தான் இதுவும்.

சரி, இப்போது நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். "மனதை எப்படி அடக்குவது?" அந்த "அடக்குவது" என்ற சொல்லிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. ஜேம்ஸ் கிராஸ், ராபர்ட் லெவன்சன் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 1993இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அருவருப்பூட்டும் சிறு படம் ஒன்றைப் போட்டுக் காட்டி, பார்க்கிறவர்களில் ஒரு பகுதியினரிடம் மட்டும், "நீங்கள் என்ன உணர்கிறீர்கள் என்று உங்களைப் பார்ப்பவருக்குத் தெரியக் கூடாது, முகத்தில் காட்டாதீர்கள்" என்றார்கள். அவர்களும் காட்டவில்லை. ஆனால் உள்ளே அருவருப்பு கொஞ்சமும் குறையவில்லை. தோலின் வியர்வையையும் விரல் நுனி நாடியையும் அளந்தபோது, அடக்காமல் பார்த்தவர்களைவிட இவர்கள் உடம்பு அதிகப் பதற்றத்தில் இருந்தது. காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை ஆபீசில் நீங்கள் செய்வது இதைத்தான். சத்தமாக ஒரு வார்த்தை பேசியதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். முகம் பேசவில்லை, உடம்பு பேசிக்கொண்டேதான் இருந்திருக்கிறது.

அப்படியானால் கத்தித் தீர்த்துவிட்டால் சரியாகிவிடுமா? "உள்ளே வைக்காதே, கொட்டிவிடு" என்று சொல்பவர்கள் நிறைய. அதுவும் உதவாது. பிராட் புஷ்மன் 2002இல் வெளியிட்ட ஆய்வில் கல்லூரி மாணவர்கள் 600 பேரை வேண்டுமென்றே கோபப்படுத்தி, ஒரு பிரிவினரை, கோபமூட்டியவனை நினைத்தபடியே குத்துச்சண்டைப் பையைக் குத்தச் சொன்னார்கள். சும்மா உட்கார்ந்திருந்தவர்களைவிடக் குத்தியவர்களுக்கே கோபம் கூடியது. கத்தக் கத்தக் கோபம் ஏறுவதை நீங்களே உணர்ந்திருப்பீர்கள்.

ஆக, அடக்குவதும் வழி இல்லை, கொட்டுவதும் வழி இல்லை. அது ஏறும்போதே பார்த்து, உடம்பை முதலில் இறக்க வேண்டும். அதற்கு அந்த நிமிடத்தில் உள்ளே நடப்பது என்னவென்று தெரிந்தால் நல்லது. மூளையின் ஆழத்தில் பாதாம் பருப்பு வடிவில் அமிக்டலா என்ற சிறிய பகுதி இருக்கிறது. ஆபத்து என்று அதற்குப் பட்டால், நீங்கள் யோசித்து முடிப்பதற்குள் உடம்பைச் சண்டைக்குத் தயாராக்கிவிடும். சிறுநீரகத்துக்கு மேலிருக்கும் சுரப்பிகள் அட்ரினலினைக் கொட்டும், நாடி எகிறும், தசை இறுகும். அந்த நேரத்தில், யோசித்து நிதானிக்கும் முன்மூளையின் பிடி தளர்ந்துபோகும். வகுப்பில் கற்றது எதுவும் ஞாபகத்துக்கு வருவதில்லை என்று வருத்தப்பட்டீர்களே, காரணம் இதுதான். உங்கள் பக்கத்து ஊர்களில் பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்குவது எப்படி என்று பார்த்திருப்பீர்கள். முதுகில் சுரைக்குடுக்கையோ பிளாஸ்டிக் கேனோ கட்டி, மாமாவோ சித்தப்பாவோ கூடவே கிணற்றில் இறங்கி, நாள் கணக்காகப் பழக்குவார்கள். தவறி விழுகிற அன்றைக்கு யாரும் நீச்சல் பழகுவதில்லை. நான் கீழே சொல்லப்போவதையும் கோபமே இல்லாத நேரத்தில், தினமும், சலிப்பாக இருந்தாலும் செய்து பாருங்கள். அப்போதுதான் தேவைப்படும் நாளில் கை தானாகப் போகும்.

முதலில் உங்கள் நாளைக் கொஞ்சம் விரித்துப் பார்க்கிறேன், ஏனென்றால் பதிலில் பாதி அங்கேதான் இருக்கிறது. ஜெர்மனியில் காலை ஒன்பது மணிக்கு ஆபீஸ் திறக்கும்போது நமக்கு மதியம் பன்னிரண்டரை, அவர்களுடைய குளிர்காலமென்றால் ஒன்றரை. அதாவது உங்கள் பையர்களின் மெயில்கள் குவிவதே மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம்தான். சாம்பிள் சரியில்லை, நிறம் ஒத்துவரவில்லை, ஷிப்மெண்ட் தேதி என்ன ஆயிற்று என்று மற்றவர்கள் வேலை குறையும் நேரத்தில் உங்கள் வேலை ஏறுகிறது. ஆறு மணிக்கு உச்சத்தில் வண்டியை எடுக்கிறீர்கள். ஆறரைக்கு வீட்டுக்குள் நுழைந்த அதே நொடி அந்த அக்கா கிளம்புகிறார். அத்தைக்கு மாற்ற வேண்டிய துணி, அடுப்பில் வைக்க வேண்டிய குக்கர், பாப்பாவின் டைரி. கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள்? ஒரு மணிக்காக இருக்கும். எட்டு மணிக்கு அந்தக் குழந்தை டி.வி. முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். வெடிக்கிறது.

எட்டு மணியில் போய் நின்றுகொண்டு "நான் ஏன் என்னைக் கட்டுப்படுத்திக்கொள்ளவில்லை" என்று கேட்டால் விடை கிடைக்காது. உங்கள் தொழிலிலேயே இதற்கு விடை இருக்கிறது. ஃபைனல் இன்ஸ்பெக்ஷனில் பிடிபடும் தையல் குறை ஒரு லாட்டையே திருப்பி அனுப்பும். அதே குறையை லைனில் ஓடும்போதே பிடித்தால் நாலு பீஸோடு போய்விடும். கோபத்தையும் லைனிலேயே பிடியுங்கள். சும்மா இருக்கும்போது சுழியம், தோசைக் கரண்டி கைக்கு வந்த நிமிடம் பத்து என்று வைத்துக்கொள்வோம். எட்டில் பிடிக்க யாராலும் முடியாது. நாலில் பிடிக்கலாம். உங்களுக்கு நாலு எப்படி இருக்கும்? சிலருக்குத் தாடை இறுகும். சிலருக்குக் காது மடல் சூடாகும். பாத்திரத்தை நங்கென்று வைப்பது பலருக்கு முதல் அடையாளம். பாப்பாவின் பெயரை முழுதாகக் கூப்பிட ஆரம்பிக்கிறீர்களா என்று பாருங்கள், நிறைய அம்மாக்களுக்கு அதுதான் நாலு. ஒரு வாரம் எதையும் மாற்ற வேண்டாம். ராத்திரி படுக்குமுன் காலண்டரில் அன்றைய தேதியில், உச்சபட்சம் எத்தனை போனது, முதலில் உடம்பில் எங்கே தெரிந்தது, கடைசியாகச் சாப்பிட்டது எப்போது, இதை மட்டும் குறித்து வையுங்கள்.

நாலு வந்துவிட்டது என்று தெரிந்ததும் பேச்சை நிறுத்துங்கள். அடுப்பை அணைத்துவிட்டு, "அம்மாவுக்குக் கோவம் வருது கண்ணு. மூஞ்சி கழுவிட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு நகருங்கள். இந்த வாக்கியத்தைப் பாப்பாவுக்கு முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தால் அவள் பயப்பட மாட்டாள். சொல்லாமல் கதவைச் சாத்திக்கொண்டால்தான் பயப்படுவாள். பாத்ரூமில் குளிர்ந்த தண்ணீரை இரு கையிலும் அள்ளி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, கண்ணும் கன்னமும் நனையும்படி முகத்தில் வைத்து அரை நிமிடம் இருங்கள். பிரிட்ஜ் தண்ணீரில் நனைத்த துண்டு இன்னும் நல்லது. முகத்தில் குளிர்ச்சி பட்டு மூச்சும் நின்றால் இதயத் துடிப்பு தானாகவே மெதுவாகும், தண்ணீருக்குள் மூழ்கும் உயிர்களுக்கெல்லாம் இயற்கை கொடுத்த ஏற்பாடு அது. மார்ஷா லினெஹன் என்ற அமெரிக்க உளவியலாளர், உணர்ச்சி வெள்ளத்தில் தத்தளிப்பவர்களுக்காக உருவாக்கிய சிகிச்சை முறையில் இதைச் சேர்த்திருக்கிறார். தானும் இளவயதில் அப்படித் தன்னையே காயப்படுத்திக்கொண்டு மருத்துவமனையில் கிடந்தவள்தான் என்று 2011இல் அவரே வெளிப்படையாகச் சொன்னார். சுவரில் தலையை முட்டிக்கொண்ட உங்களுக்கு அதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. (இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இந்தக் குளிர்ந்த தண்ணீர் முறையைச் செய்யக் கூடாது.)

அப்புறம் மூச்சு. நாலு எண்ணும் வரை இழுங்கள், ஆறு எண்ணும் வரை விடுங்கள். விடுவது நீளமாக இருக்க வேண்டும், ஏனென்றால் மூச்சு வெளியே போகும்போதுதான் இதயம் தணிகிறது. நிமிடத்துக்கு ஆறு மூச்சு வரும். ஐந்து நிமிடம் போதும். தியான வகுப்பு முடியவில்லை என்று குற்ற உணர்ச்சி வேண்டாம். இப்போதைக்கு அது உங்கள் பட்டியலில் இன்னொரு கடமையாகத்தான் போயிருக்கும். வண்டி ஸ்டாண்டிலும் லிஃப்டிலும் இந்த மூச்சைப் பழகினால் போதும்.

மீறி ஏழு, எட்டுக்குப் போய்விட்டால் ஐந்து நிமிடத்தில் திரும்பி வராதீர்கள். தம்பதிகளின் சண்டைகளைப் பல வருடம் ஆய்வுக்கூடத்தில் கவனித்த ஜான் காட்மன், நாடி நூறைத் தாண்டிவிட்டால் எதிராளி பேசுவது சரியாகக் காதில் விழுவதே இல்லை, தணிய இருபது நிமிடமாவது பிடிக்கும் என்கிறார். அந்த இருபது நிமிடமும், "அவள் எப்படி அப்படிச் செய்யலாம்" என்று மனதுக்குள் திரும்பத் திரும்ப ஓட்டினால் இறங்காது. வெங்காயம் உரியுங்கள், துணி மடியுங்கள், மாடிக்குப் போய் நில்லுங்கள்.

இன்னொரு சின்ன விஷயம், ஆனால் எனக்கு மிகவும் பிடித்தது. கடிதம் முழுக்கக் "கோபம்" என்று ஒரே சொல்லை எழுதியிருக்கிறீர்கள். நம் மொழியில் இதற்கு எத்தனை சொற்கள்! எரிச்சல், சலிப்பு, ஆத்திரம், ஆற்றாமை, ஆதங்கம், கையாலாகாத்தனம், அவமானம், தவிப்பு. அன்றைக்கு எட்டு மணிக்கு உங்களுக்குள் இருந்தது எது? பாப்பா எழுதாத நோட்டைப் பார்த்ததும், நாளைக்கு டீச்சர் என்ன நினைப்பார் என்ற அவமானமாக இருக்கலாம். என்னால் எதையும் சரியாகச் செய்ய முடியவில்லை என்ற கையாலாகாத்தனமாக இருக்கலாம். நல்ல அத்தையாக இருந்தவர் இப்படிக் கிடக்கிறாரே என்ற ஆற்றாமையாகக்கூட இருக்கலாம். மாத்யூ லீபர்மன் என்பவரின் குழு 2007இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு முகத்தில் தெரியும் உணர்ச்சிக்குச் சரியான சொல்லைத் தேர்ந்தெடுக்கும்போதே அமிக்டலாவின் வேகம் குறைவது மூளைப் படத்தில் தெரிந்தது. வாய்விட்டுச் சொல்லுங்கள்: "இது கோபம் இல்லை, பயம்." சொன்னதும் தோள் இறங்குவதைப் பார்ப்பீர்கள்.

கேட்கச் சங்கடமான ஒன்றும் இருக்கிறது. மேனேஜர் மேல் பாயாத கோபம் மகள் மேல் பாய்கிறது. அது திருப்பி அடிக்காத இடம் பார்த்து இறங்குகிறது. இதை உங்களைக் குத்துவதற்காகச் சொல்லவில்லை. வேலை போய்விடும் என்ற பயம் இருக்கும் இடத்தில் நீங்கள் நிறுத்திக்கொள்கிறீர்கள் என்றால், நிறுத்தும் திறன் உங்களிடம் இருக்கிறது என்று அர்த்தம். அது செத்துப்போகவில்லை. ஆனால் வீட்டுக்குள் நுழையும்போது அதற்கு ஆதாரமான எதுவும் உங்களிடம் மிச்சமில்லை, சாப்பாடும் இல்லை, தூக்கமும் இல்லை, துணைக்கு ஓர் ஆளும் இல்லை.

தூக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2007இல் மாத்யூ வாக்கரின் குழு நடத்திய ஆய்வில், ஏறத்தாழ 35 மணி நேரம் தூங்காதவர்களுக்கு மனதைக் கலக்கும் படங்களைக் காட்டியபோது, நன்றாகத் தூங்கியவர்களைவிட அவர்களுடைய அமிக்டலா 60 சதவீதம் அதிகமாகத் துள்ளியது. முன்மூளைக்கும் அதற்கும் உள்ள தொடர்பும் தளர்ந்திருந்தது. நீங்கள் ஒரே இரவு விழிக்கவில்லை. ஒன்றரை வருடமாக எந்த இரவும் தொடர்ந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் தூங்கவில்லை. இந்தத் தூக்கத்தோடு கோபத்தைக் கட்டுப்படுத்து என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அத்தைக்குக் காற்று மாறி மாறி நிரம்பும் ஏர் பெட் வாங்க முடியுமா என்று பாருங்கள், வாடகைக்கும் கிடைக்கிறது. அது வந்த பிறகு இரவில் எத்தனை மணிக்கு ஒருமுறை திருப்பினால் போதும் என்று அவருடைய மருத்துவரைக் கேளுங்கள். தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் 2021இலிருந்து படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து பிசியோதெரபியும் ஆதரவுச் சிகிச்சையும் தருகிறார்கள். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் அத்தையின் பெயரைப் பதியச் சொல்லுங்கள். கோபத்துக்கு ஆலோசனை கேட்டவளிடம் மெத்தையைப் பற்றிப் பேசுகிறாரே என்று நினைக்க வேண்டாம். என் அனுபவத்தில் இதுபோன்ற வீடுகளில் முதலில் தணிவது தூக்கம் கிடைத்தவரின் கோபம்தான்.

உடம்பையும் பார்த்துவிடுங்கள். ரத்தத்தில் ஹீமோகுளோபின், தைராய்டு இரண்டுக்கும் ஒரு டெஸ்ட். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்த சோகை இருக்கிறது. ரத்தம் குறைந்த உடம்பில் பொறுமை எங்கிருந்து வரும்? காலண்டரில் மாதவிலக்குத் தேதிகளையும் குறியுங்கள். வெடிக்கும் நாட்கள் அதற்கு முந்தைய வாரத்திலேயே விழுகின்றன என்று இரண்டு மாதம் தெரிந்தால், அதற்கென்றே சிகிச்சை இருக்கிறது, மருத்துவரிடம் காட்டுங்கள்.

மாலை நேரத்தில் இரண்டு மாற்றம் செய்தால் போதும் என்று நினைக்கிறேன். அந்த அக்காவிடம் பேசி, கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாவது, ஏழு மணி வரை இருக்கச் சொல்லுங்கள். அந்த அரை மணி நேரத்தில் கை கால் கழுவி, சுண்டலோ வாழைப்பழமோ எதையாவது சாப்பிட்டு, ஒரு டீ குடித்து, பாப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்துப் படிப்பைத் தவிர வேறு எதையாவது பேசுங்கள். ஆபீஸ் மெயில் அந்த நேரத்தில் வேண்டாம். இரண்டாவது, வீட்டுப்பாடத்தை எட்டு மணியிலிருந்து எடுத்துவிடுங்கள். காலையில் எழுதட்டும், அல்லது பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு சாயந்திரமே உட்கார்ந்து எழுதட்டும். ஒருநாள் எழுதாமலே போனாலும் குடி முழுகிவிடாது. டீச்சரிடம் வீட்டு நிலைமையை இரண்டு வரியில் சொல்லி வையுங்கள்.

இனி பாப்பா. எட்வர்ட் ட்ரோனிக் என்ற குழந்தை உளவியலாளர் தாய்-சேய் பழகுவதை வினாடி வினாடியாகப் படமெடுத்துப் பார்த்தவர். நல்ல அம்மாக்களும் குழந்தையும்கூட ஒருவரோடு ஒருவர் ஒத்துப்போயிருந்தது ஏறத்தாழ முப்பது சதவீத நேரம் மட்டுமே. மீதி நேரமெல்லாம் விலகுவதும் திரும்பச் சேர்வதும்தான். விலகினாலும் திரும்பச் சேர்ந்துவிடலாம் என்பதைக் குழந்தை அப்படித்தான் கற்கிறது. உங்கள் வீட்டில் அன்றைக்கு விலகல் நடந்தது, சேர்வது இன்னும் நடக்கவில்லை. நீங்கள் பாத்ரூமில் தனியாக அழுதீர்கள், அவள் தனியாக ஒரு பொய்யைத் தயார் செய்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, இருவரும் வயிறு நிறைந்து நிதானமாக இருக்கும்போது, அவள் உயரத்துக்கு உட்கார்ந்து பேசுங்கள். "அன்னைக்கு அம்மா உன்னை அடிச்சது தப்பு. நீ ஹோம் ஒர்க் எழுதலைன்னாலும் அடிச்சது தப்புதான். அம்மா கோவத்தைச் சரி பண்ணக் கத்துக்கிட்டு இருக்கேன். அது என் வேலை, உன் வேலை இல்ல. ஸ்கூல்ல யாராவது கேட்டா நடந்ததை அப்படியே சொல்லலாம் சாமி, அம்மா கோச்சுக்க மாட்டேன்." இவ்வளவுதான். "நீயும் இனிமே ஒழுங்கா இருக்கணும்" என்று கடைசியில் ஒட்டிவிடாதீர்கள், ஒட்டினால் அது மன்னிப்பாக இருக்காது. அவள் முன்னால் உடைந்து அழவும் வேண்டாம், உடனே உங்களைத் தேற்றும் வேலையை எடுத்துக்கொள்வாள். அவள் ஒன்றும் சொல்லாமல் விளையாடப் போய்விட்டாலும் சரி, கேட்டுக்கொண்டிருப்பாள்.

மறுபடி ஒருநாள் கத்திவிடுவீர்கள். கத்தியதும் அன்றைக்கே திரும்பப் போய்ப் பேசுங்கள். கை ஓங்கினால் மட்டும் அடுத்த வாரம் வரை தள்ளாமல் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

இந்தப் பதிலை உங்கள் வீட்டுக்காரரிடம் காட்டுங்கள். கீழே இருப்பது அவருக்கு.

தம்பி, உங்கள் மனைவி உங்களைப் பற்றி ஒரு குறையும் எழுதவில்லை. உங்கள் ஷிஃப்டைப் பற்றி மட்டும்தான் எழுதியிருக்கிறார். சாயப்பட்டறையில் சூட்டிலும் ஆவியிலும் நின்று வருகிறவருக்கு ஓய்வு வேண்டும் என்பது எனக்கும் தெரியும். படுத்திருப்பது உங்கள் அம்மா. பகல் ஷிஃப்ட் வாரங்களில் இரவில் அவரைத் திருப்பிப் படுக்க வைக்கும் வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். எப்படிப் பிடித்துத் திருப்புவது, தலையணையை எங்கே வைப்பது என்று இன்றைக்கே மனைவியிடம் கேட்டுப் பழகிக்கொள்ளுங்கள், முதுகு பிடித்துக்கொள்ளாமல் செய்ய ஒரு பக்குவம் இருக்கிறது. நைட் ஷிஃப்ட் வாரங்களில் உங்கள் அக்காவோ தங்கையோ வந்து இரண்டு இரவாவது தங்க முடியுமா என்று நீங்களே கேளுங்கள், அந்தப் பேச்சை மருமகள் எடுத்தால் வேறு மாதிரி ஆகிவிடும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அடிக்கும் அலாரம் இனி உங்கள் போனில் இருக்கட்டும். மனைவியின் போனை அடுத்த அறையில் வைத்துவிடுங்கள்.